பஸ் பார்சலில் வந்த கடல் மீனை எத்தனை மணி நேரம் பழக்கித் தொட்டியில் விட வேண்டும்?

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சென்னைக் கடை ஒன்றில் இரண்டு கிளவுன் மீனும் ஒரு புளூ டேங் மீனும் சொல்லி வைத்திருக்கிறார். இரவு ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், காலையில் பார்சல் ஆபீசில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். போன முறை மூன்று டாம்செல் மீன்கள் இதே வழியில் வந்தன. வீடியோவில் பார்த்தபடி கவரைப் பிரித்து வாளியில் ஊற்றி, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் விட்டுப் பழக்கினார். மறுநாள் காலையில் இரண்டு செத்துக் கிடந்தன. ஒரு வீடியோ அரை மணி நேரம் போதும் என்கிறது, இன்னொன்று நேராகத் தூக்கிப் போடு என்கிறது. எத்தனை மணி நேரம்தான் சரி?

அவர் கேட்டது நேரக் கணக்கு. ஆனால் மனதில் உறுத்துவது வேறு: பொறுமையாகத்தான் செய்தேன், அப்புறம் ஏன் செத்தது? அதைப் பேசினால் நேரக் கணக்கு தானாக வந்துவிடும். நான் மீன்வளம் படித்தவன் இல்லை. சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் கடல் மீன் வரவழைத்து விற்கும் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் ஒன்பது வருடம் பெட்டி பிரித்தவன். இப்போது வீட்டில் இரண்டு தொட்டி இருக்கிறது. பவளம் வளர்த்ததில்லை. அதனால் இங்கே சொல்வது மீனுக்கும், கொஞ்சம் இறாலுக்கும்தான்.

முதலில் கவருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் என்று அடித்துக் கட்டுகிறார்கள், அதனால் மூச்சுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் மீன் விடுகிற கார்பன் டை ஆக்சைடு வெளியே போக வழி இல்லை. அது தண்ணீரிலேயே கரைந்து பி.எச். என்கிற அமில-கார அளவைக் கீழே இழுக்கிறது. கடைத் தொட்டியில் 8.2 இருந்த தண்ணீர், காலையில் நாம் பிரிக்கும்போது 7 பக்கத்தில் நிற்கும். அதற்கும் கீழே இறங்கிய கவர்களையும் அளந்திருக்கிறேன். இதோடு மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவையும் விட்டுக்கொண்டே இருக்கிறது. மாலை ஆறு மணிக்குக் கட்டிய கவர் மறுநாள் ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறதென்றால் பதினைந்து மணி நேர அம்மோனியா அதில் இருக்கிறது.

அப்படியானால் மீன் வழியிலேயே செத்திருக்க வேண்டுமே? சாகாததற்குக் காரணம் அந்தக் குறைந்த பி.எச்.தான். அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அது செவுளைத் தாண்டி எளிதில் உள்ளே போகாது. இன்னொன்று சுத்த அம்மோனியா, நேராக உள்ளே நுழைந்துவிடும், அதுதான் விஷம். எது எவ்வளவு இருக்கும் என்பதை முக்கியமாக பி.எச். தீர்மானிக்கிறது, வெப்பத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 7 பி.எச்.சில் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ உருவத்தில் இருக்காது. ஒரு எண் ஏறி 8 ஆனால் அது ஏறக்குறைய பத்து மடங்காகிறது. ஆக, கார்பன் டை ஆக்சைடு ஒரு பக்கம் மீனை மந்தமாக்கினாலும் இன்னொரு பக்கம் அதே கவரில் அதைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது.

இப்போது கவரைப் பிரித்து வாளியில் ஊற்றுகிறீர்கள். சோடா பாட்டிலைத் திறந்த கதைதான்: கார்பன் டை ஆக்சைடு பறக்கிறது, பி.எச். ஏறுகிறது, கூடவே 8.2 உள்ள தொட்டித் தண்ணீரும் சொட்டுகிறது. வாளியில் அம்மோனியா இன்னும் அப்படியே இருக்கிறது. தொட்டித் தண்ணீர் கலந்து கொஞ்சம் நீர்த்துப் போகிறதே என்றால், ஆமாம், ஒரு மணி நேரத்தில் இரண்டு பங்காக நீர்க்கும். ஆனால் விஷ உருவம் அதற்குள் எட்டுப் பத்து மடங்கு பெருகிவிட்டது. பழக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அதிலேயே ஊற வைக்கிறோம். பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்த மீனுக்குச் சொட்டு முறையால் கெடுதல் இல்லை, ஏனென்றால் அந்தக் கவரில் அம்மோனியா சேர நேரமே இருந்திருக்காது. வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மீனைத்தான் காட்டுகிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. கிடங்கில் சேர்ந்த புதிதில் கொழும்பிலிருந்து வர வேண்டிய சரக்கு ஒருமுறை விமானம் தள்ளிப்போய் நள்ளிரவு தாண்டி வந்தது. முதலாளி ஊரில் இல்லை. நானும் இன்னொரு பையனும் பொறுப்பாகச் செய்கிறோம் என்று எல்லாப் பெட்டியையும் ஒரே நேரத்தில் பிரித்து, இருபது முப்பது டப்பாக்களில் ஊற்றி, வரிசையாகக் குழாய் மாட்டிச் சொட்ட விட்டோம். முக்கால் மணி நேரத்தில் ஒரு பட்டர்பிளை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அடுத்த டப்பாவில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று. செவுள் மூடி விரிந்து உள்ளே அடர்சிவப்பாகத் தெரிந்தது. காலை நாலு மணிக்கு மூத்த அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து உப்பு பார்த்தார், கடைசி வரிசைத் தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி அதே அளவுக்கு உப்பைக் கொண்டுவந்தார், மீன்களைக் கையால் அள்ளி அதில் போட்டார். அப்படிப் போட்டதில் பாதிக்கு மேல் பிழைத்தன. டப்பாவிலேயே இருந்தவை பெரும்பாலும் போய்விட்டன. அன்றைக்கு அவர் பார்த்தது பி.எச்.ஐயோ நேரத்தையோ இல்லை, உப்பை மட்டும்தான். அது ஏன் என்பது எனக்குப் பிடிபடவே ஒரு வருடம் ஆனது.

உப்பு ஏன் முக்கியம்? கடல் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள கடல் நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட அது கடல் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது, மிஞ்சிய உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. உப்புக் குறைந்த தண்ணீருக்குப் போனால் இந்த வேலை குறைகிறது, மீன் பெரிதாகக் கஷ்டப்படாது. உப்பு கூடிய தண்ணீருக்குத் திடீரென்று போனால் உடம்பு வறள்கிறது. அந்தச் செல்கள் பெருகி ஈடுகொடுக்க நாள் கணக்கில் ஆகும். நாள் கணக்கு என்பதைக் கவனியுங்கள். அப்படியிருக்க மூன்று மணி நேரச் சொட்டு இதற்கு எந்த மூலைக்கு?

கடைகளில் உப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். உப்பை கிராவிட்டி என்ற எண்ணால் அளப்போம், அதாவது நல்ல தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு. வீட்டில் நாம் கிராவிட்டி 1.025 வைத்திருப்போம், கடையில் 1.018, 1.020 என்று ஓடும். உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணியும் கொஞ்சம் அடங்கும் என்ற எண்ணம். கடல் தண்ணீரையே கொண்டுவந்து பயன்படுத்தும் இடங்களில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது இன்னும் இறங்கியிருக்கும். கேள்வி கேட்டவர் தன் தொட்டி 1.026 என்கிறார், கவர்த் தண்ணீரை அளக்கவில்லை. எனவே அந்த இரண்டு டாம்செல் எதனால் செத்தன என்று இங்கே உட்கார்ந்து அடித்துச் சொல்ல என்னால் முடியாது. மறுநாள் காலைக்குள்ளேயே போயின என்பதை வைத்துப் பார்த்தால் அம்மோனியா மேல்தான் எனக்குச் சந்தேகம். உப்பு அதிர்ச்சியில் போகிற மீன் இரண்டு மூன்று நாள் நன்றாக இருப்பதுபோல் இருந்து போகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது, என் அனுபவமும் அதுவே. ஆனால் அது அனுபவக் கணக்கு, சோதனை செய்து பார்த்தது இல்லை. டாம்செலோ சாதாரணமாகச் சாகிற மீனும் இல்லை. அதே போய்விட்டதென்றால் இரண்டும் சேர்ந்து அடித்திருக்கலாம்.

சரி, என்ன செய்வது? மீனைத் தண்ணீருக்குப் பழக்குவதை விட்டுவிட்டு, மீன் வருவதற்கு முன்பே தண்ணீரை மீனுக்கு ஏற்றபடி வைத்துவிடுங்கள். இதற்குத் தனித் தொட்டி ஒன்று வேண்டும். இரண்டு சிறிய கிளவுனுக்கு 40 லிட்டர் போதும். மண், கல் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், மறைந்துகொள்ள மூன்று நான்கு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். ஸ்பாஞ்சை மட்டும் மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே பெரிய தொட்டியில் ஒரு மூலையில் போட்டு ஊற வையுங்கள், அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். புது ஸ்பாஞ்சைப் போட்டால் இரண்டு நாளில் கவரில் நடந்ததே தொட்டியிலும் நடக்கும்.

பார்சல் கட்டுகிற அன்று கடைக்காரரிடம் போனில் கிராவிட்டி எவ்வளவு என்று கேளுங்கள். 1.019 என்றால் தனித் தொட்டியை 1.019இல் வையுங்கள். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், காலையில் நீங்களே பார்த்துவிடுங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினால்கூட எண் மாறிவிடும். ரெஃப்ராக்டோமீட்டர் வேண்டும், தண்ணீரில் ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி அது. அதையும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) சரிபார்ப்புக் கரைசல் என்று சிறு பாட்டிலில் விற்கிறார்கள், அதில் சரிபாருங்கள். விலை குறைந்த கருவிகள் பலவும் வெறும் உப்புக் கரைசலுக்கான அளவுகோலில் செய்யப்பட்டவை. கடல் நீரில் அவை சற்றுத் தப்பாகக் காட்டும்.

காலையில் தெர்மோகோல் பெட்டியை மங்கலான வெளிச்சத்தில் பிரியுங்கள். ராத்திரி முழுக்க இருட்டில் இருந்த மீன் மேல் டியூப்லைட் அடித்தால் கவருக்குள்ளேயே மோதிக்கொள்ளும். கவரைத் திறக்காமல் தனித் தொட்டியில் மிதக்க விடுங்கள். பஸ் டிக்கியில் வந்ததா, ஏ.சி. பஸ்ஸா, மார்கழியா, சித்திரையா என்பதைப் பொறுத்துக் கவர் 22 டிகிரியிலும் இருக்கும், 32 டிகிரியிலும் இருக்கும். பதினைந்து இருபது நிமிடம் மிதந்தால் சரியாகிவிடும். கவர் பெரிதாக இருந்து தண்ணீரும் நிறைய இருந்தால் அரை மணி நேரம் விடலாம். அந்த நேரத்தில் கவரின் கீழ் முனையை ஒரு ஊசியால் குத்துங்கள். உள்ளே ஆக்சிஜன் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நூல் மாதிரி பீய்ச்சும். இரண்டு சொட்டை ரெஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் பிடித்துக்கொண்டு அந்த முனையை முறுக்கி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். கவரைத் திறக்காமலே உப்பு தெரிந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு ஜாடி தயாராக இருக்கட்டும், ஒன்றில் வெறும் ஆர்.ஓ. தண்ணீர், ஒன்றில் தூக்கலாக உப்பு கரைத்த தண்ணீர், இரண்டும் தொட்டியின் அதே வெப்பத்தில். கவர் மிதக்கும்போதே தொட்டியின் உப்பை இந்த ஜாடிகளால் கவரின் அளவுக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். தொட்டி 0.001 கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. குறைவாக இருந்தால் கவலையே இல்லை.

பிறகு கவரை வெட்டியதும் தாமதிக்கக் கூடாது. மீனோடு தண்ணீரை ஒரு வடிகட்டிப் பாத்திரம் வழியாக வாளியில் ஊற்றி, மீனை அப்படியே தொட்டியில் இறக்குங்கள், அல்லது ஈரக் கையால் எடுத்து விடுங்கள். வலை வேண்டாம். ஏஞ்சல் மீன்களுக்குக் கன்னத்தில் முள் இருக்கிறது, டேங் மீன்களுக்கு வால் அடியில் கத்தி மாதிரி ஒன்று இருக்கிறது. இரண்டும் வலையில் மாட்டிக்கொண்டு கிழியும், உங்கள் கையையும் கிழிக்கும். டேங் மீனை டப்பாவில் பிடிப்பதே நல்லது. கவர்த் தண்ணீர் ஒரு மடக்குகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. கவர் திறந்ததிலிருந்து மீன் தொட்டிக்குள் போகும்வரை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை என்றால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட நேரக் கணக்கு இதுதான்: மூடிய கவருக்கு இருபது நிமிடம், திறந்த கவருக்கு இரண்டு நிமிடம்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். 7 பி.எச்.சிலிருந்து 8.2க்கு ஒரே தாவலா, பி.எச். அதிர்ச்சி வராதா? இதில் கருத்து வேறுபாடு உண்டு. கவரில் பி.எச். இறங்கியது கார்பன் டை ஆக்சைடால். அது நீங்குவது மீனுக்கு நிம்மதிதான் என்பது ஒரு கட்சி, நானும் அந்தக் கட்சி. ஆயிரக்கணக்கில் இப்படி மாற்றியிருக்கிறேன், பி.எச். தாவலால்தான் போனது என்று சொல்லும்படி ஒரு மீனையும் காட்ட முடியாது. வேறு காரணத்தால் போன சிலவற்றில் இதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், மறுக்க மாட்டேன். அம்மோனியாவில் ஊறுவது இதைவிடப் பல மடங்கு மோசம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மோனியாவை மடக்கும் மருந்தைக் கவரில் விட்டால் நிதானமாகச் சொட்டு விடலாமே என்றும் கேட்பார்கள். சில மருந்துகள் வேதியியல்படி அம்மோனியாவைக் கட்டக்கூடியவை. சிலவற்றின் மேல் எழுதியிருப்பது உண்மையா என்று இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. நான் அதை நம்பி வேலை செய்வதில்லை, செய்யத் தேவையும் இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: கடையில் 'ஆன்டி குளோரின்' என்று தருகிற சொட்டு மருந்து பெரும்பாலும் தயோசல்பேட். அது குளோரினை எடுக்கும், அம்மோனியாவை ஒன்றும் செய்யாது.

இறால், நட்சத்திர மீன், சங்கு வகைகளுக்கு மேலே சொன்ன இரண்டு நிமிடக் கணக்கு பொருந்தாது. இவற்றின் உடம்பு நீரின் உப்பு வெளியே உள்ள தண்ணீரோடு ஏறி இறங்கும், மீனைப் போல் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. அதனால் கிளீனர் இறாலுக்கு இரண்டு மணி நேரமாவது சொட்டு வேண்டும், நட்சத்திர மீனுக்கு அதைவிடவும் கூட. பயணத்தில் அம்மோனியா சேர்ந்திருக்குமே என்றால், கவர்த் தண்ணீரின் அதே உப்பில் புதுத் தண்ணீர் ஒரு டப்பாவில் கலந்து, முதலில் அதற்கு மாற்றிவிட்டு, அதில் சொட்டு விடுங்கள். போன முறை டாம்செல்லுக்கும் இதைச் செய்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் விளக்குப் போடாதீர்கள். தொட்டியின் மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டிவிட்டு விலகிப் போய்விடுங்கள். பார்சலுக்கு முன் ஒன்றிரண்டு நாள் பட்டினி போட்டுத்தான் அனுப்புவார்கள், பாவம் பசிக்குமே என்று இறக்கிய உடனே இரை போட்டால் தின்னாமல் அழுகும். மறுநாள் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். கிளவுன் மீன் ஒரு மூலையில் சாய்ந்தபடி ஆடிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். புளூ டேங் ஒருபடி மேலே போய்ப் பக்கவாட்டில் படுத்துச் செத்த மாதிரியே கிடக்கும், நிறமும் வெளிறிப்போகும். எங்கள் கிடங்கில் புதுப் பையன் ஒருவன் இப்படிக் கிடந்த இரண்டைக் குப்பைக் கூடையில் போட்டு, அண்ணன் ஓடிவந்து எடுத்திருக்கிறார். செவுள் சீராக அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டு, காற்றுக் குமிழிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அது பயணக் களைப்பாக இருக்காது. வெல்வெட் என்கிற ஒட்டுண்ணியாக இருக்கலாம், அது ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும்.

ஒட்டுண்ணிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், தனித் தொட்டியின் இன்னொரு பயன் இதுதான். எவ்வளவு அழகாகப் பழக்கினாலும் வெள்ளைப் புள்ளி நோய் மீனோடு சேர்ந்தே வரும். கடல் மீனுக்கு வருவது கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. மீன் தோலுக்கு அடியில் சில நாள் இருந்து, உதிர்ந்து, கல்லிலும் மண்ணிலும் கூடு கட்டி, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். புள்ளி மறைந்துவிட்டது, குணமாகிவிட்டது என்று நாம் ஏமாறுவது அது கூட்டில் இருக்கும் நாட்களில்தான். ஆய்வகத்தில் 72 நாள் கழித்துக்கூடக் கூட்டிலிருந்து வெளிவந்ததைப் பார்த்திருக்கிறார்கள். நோய் புகுந்த தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் காலியாகப் போட வேண்டும் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. கடையின் 1.018 உப்பு இதைக் கொல்லாது. 1.009 வரை இறக்கினால்தான் கொல்லும். அதுவும் வாரக்கணக்கில், உப்பு கொஞ்சம்கூட ஏறாமல் வைத்திருக்க வேண்டும்.

தாமிர மருந்து வெள்ளைப் புள்ளி, வெல்வெட் இரண்டையும் அடிக்கும். ஆனால் அளவு கொஞ்சம் கூடினால் மீன் போகும், குறைந்தால் பயன் இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் அளவு வேறு, அதற்குரிய சோதனைக் கிட் இல்லாமல் தொடவே வேண்டாம். இறால் இருக்கிற தொட்டியில் தாமிரம் ஒரு துளிகூடப் போகக் கூடாது. எல்லா மீனுக்கும் வந்த அன்றே போடுகிறவர்களும் உண்டு. நான் மீன் இரை எடுக்கத் தொடங்கும்வரை காத்திருப்பேன், வெல்வெட் அறிகுறி தெரிந்தால் மட்டும் காத்திருக்க மாட்டேன். இதில் அவர்கள் செய்வது தப்பு என்று சொல்லவும் மாட்டேன். தாமிரமே போடாவிட்டாலும் குறைந்தது ஒரு மாதம் தனியே வைத்துக் கவனியுங்கள்.

அந்த ஒரு மாதத்திலேயே உப்பையும் ஏற்றிவிடலாம். மீன் தின்னத் தொடங்கிய பிறகு ஒரு நாளைக்கு 0.001, அதிகம் போனால் 0.002 என்ற கணக்கில் உங்கள் பெரிய தொட்டியின் 1.026 வரை ஏற்றுங்கள். 40 லிட்டர் தொட்டியில் 0.001 ஏற்ற ஐம்பது அறுபது கிராம் கடல் உப்புக் கலவை போதும். அதை ஒரு மக் தொட்டித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, தெளிந்த பிறகு மெதுவாக ஊற்றுங்கள், மீன் மேல் உப்பைத் தூவாதீர்கள். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரை ஊற்றினாலும் மெல்ல ஏறும், சோம்பேறிகளுக்கு அது வசதி. நானும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் தண்ணீர் ஒரு பிரச்சினையாக இருக்காது, இரண்டும் ஒரே உப்பு, ஒரே வெப்பம். அங்கே பிரச்சினை அந்தப் பிழைத்த டாம்செல். அது ஏற்கெனவே தொட்டி முழுவதும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, கற்களைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்து, புது மீனைத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் தொட்டிக்குள்ளேயே இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள். பெட்டியை விடாமல் முட்டிக்கொண்டே இருந்தால் டாம்செல்லைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொட்டி மூன்றடி என்று எழுதியிருக்கிறீர்கள். புளூ டேங் ஒரு அடி வரை வளர்கிற மீன், ஓடித் திரிகிற சாதி. ஆறடித் தொட்டி இல்லாமல் அதை வாங்காதீர்கள். அதோடு அது தொட்டியில் முதன்முதலாக இனப்பெருக்கம் செய்யப்பட்டு வளர்க்கப்பட்டதே 2016இல், ஃபுளோரிடாவில். நம் ஊருக்கு வருவது பெரும்பாலும் கடலில் பிடித்தது, பயணத்தில் ஏற்கெனவே பல கவர் மாறியிருக்கும். வெள்ளைப் புள்ளி முதலில் பிடிக்கிற மீனும் அதுதான். கிளவுன் அப்படி இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கிளவுன் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அந்த மீன் தொட்டியும் உலர் இரையும் பார்த்தே வளர்ந்தது, மறுநாளே தின்னும்.

இந்த முறை கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது நான்குதான்: ஒரு கவரில் ஒரு மீன், கவர் பெரிதாக, இரண்டு கவராக மாட்டி, கடைசி இரை முந்தின நாள். இரண்டு கிளவுனும் ஜோடிதானே, சேர்த்தே போட்டுவிடலாம் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள், இரண்டு கவருக்கும் சேர்த்து ஒரே பெட்டிதான், பஸ்காரர் கூடுதலாகக் கேட்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஏற்றச் சொல்லுங்கள். சனிக்கிழமை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளலாம், ஏதாவது ஆனால் கடையும் திறந்திருக்கும்.